எங்கள் கூடையிலிருந்து இறங்கிய சாமான்கள்

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்த அன்று மருத்துவர் சொன்னது ஒரே விஷயம்: "உப்பைக் குறைங்க." வீட்டுக்கு வந்ததும் சமையலில் போடும் உப்பைப் பாதியாக்கினேன். ஒரு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது அழுத்தம் பெரிதாக இறங்கவில்லை. அன்று மாலை சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அலமாரியில் இருந்த பாக்கெட், பாட்டில், டப்பா எல்லாவற்றையும் இறக்கி, பின்பக்கம் திருப்பி ஒவ்வொன்றாகப் படித்தேன். நான் குறைத்தது உப்பு ஜாடியில் இருந்ததை மட்டும்தான். சூப் பாக்கெட்டில் இருந்தது, சாஸில் இருந்தது, ரொட்டியில் இருந்தது எல்லாம் அப்படியே அப்பாவின் தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதோடு இன்னொரு வேலையும் செய்தேன். நான்கு வாரம், குப்பைத்தொட்டிக்குள் போகும் உணவுப் பொருள் எதுவானாலும் பக்கத்தில் தொங்கவிட்ட நோட்டில் எழுதிவைத்தேன். பாதிப் பை கீரை, பூஞ்சை பிடித்த சீஸ், வாசனை போன மசாலாத் தூள், யாரும் தொடாத சாலட் கலவை. லேபிளும் இந்த நோட்டும்தான் எங்கள் மளிகைப் பட்டியலை மாற்றின. ஒன்பது மாதம் ஆகிறது. எவை பட்டியலை விட்டு இறங்கின, ஏன் இறங்கின, எதைத் திரும்ப ஏற்றிக்கொண்டோம் என்பதை, பயன்படுத்திப் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் இறங்கியது பாக்கெட் சூப். பொருளாக அதில் குறை சொல்ல எதுவுமில்லை. மூன்று நிமிடத்தில் சூடாகக் கைக்கு வரும், காய்ச்சல் நாளில் அதைப்போல உதவுவது வேறில்லை. ஆனால் லேபிளில் உப்பு என்று எங்கும் இல்லை, 'சோடியம்' என்றுதான் இருந்தது. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் அளவு வரும். நாங்கள் வாங்கிய சூப்பில் ஒரு கோப்பைக்கு 840 மில்லிகிராம் சோடியம், அதாவது 2.1 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. அப்பா காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு கோப்பை குடித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டில் கை வைக்கும் முன்பே 4.2 கிராம் உள்ளே போயிருக்கும்.

மாற்றாக, காய்கறித் தண்டுகளையும் வெங்காயத்தையும் பூண்டையும் வேகவைத்து வடிகட்டி, மிளகும் எலுமிச்சையும் சேர்த்துக் கொடுத்தேன். முதல் வாரம் அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "என்னம்மா இது, வெறும் வெந்நீர் மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் விரும்பிக் குடிக்கும் ஒன்றைப் பறித்துவிட்டோம் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நாக்கு பழக வேண்டும், சில வாரம் பொறுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஐந்தாவது வாரம் ஒரு விருந்தில் கடைச் சூப்பைக் குடித்துவிட்டு, "ரொம்பக் கரிக்குதும்மா" என்று அப்பாவே தள்ளிவைத்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சோடியம் குறைத்த உப்பு என்று ஒன்று கிடைக்கிறது. அதில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். பலருக்கு நல்ல மாற்று, நானும் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் சில ரத்த அழுத்த மாத்திரைகள் உடலில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் அது ஆபத்து. அப்பா எடுத்துக்கொள்ளும் மாத்திரைக்கு அது ஒத்துவராது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். வீட்டில் மாத்திரை எடுப்பவர்கள் இருந்தால் கேட்காமல் வாங்காதீர்கள்.

அடுத்தது பழச்சாறு. இதை நிறுத்தத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது, ஏனென்றால் இதை நான் நல்லது என்று நம்பி என் மகனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் பின்பக்கத்தில் 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை. அவன் குடிக்கும் டம்ளர் 200 மில்லி பிடிக்கும். ஆக ஒரு டம்ளருக்கு 20 கிராம், ஐந்து தேக்கரண்டி. வழக்கமான கோலா பானத்தில் இருப்பதும் ஏறக்குறைய இதே அளவுதான்.

பழத்தில் இருப்பதும் சர்க்கரைதானே என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. பழத்தைக் கடித்துத் தின்னும்போது சர்க்கரை நாரோடும் சதையோடும் சேர்ந்து மெதுவாக உள்ளே போகிறது. பிழிந்தால் நார் பெரும்பாலும் வெளியே நின்றுவிடுகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட சர்க்கரை வழிகாட்டுதலில் பழச்சாற்றிலும் தேனிலும் உள்ள சர்க்கரையைக் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில் சேர்த்தது, முழுப் பழத்தில் உள்ளதைச் சேர்க்கவில்லை. நாள் முழுதும் உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இது இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்பது அதன் பரிந்துரை. ஒரு டம்ளருக்கு மூன்று ஆரஞ்சு வேண்டும். மகனிடம் மூன்று ஆரஞ்சை உரித்துக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றரை தின்றான், "போதும்மா" என்று எழுந்துபோய்விட்டான். அந்த 'போதும்' என்ற வார்த்தையை அவன் டம்ளரைப் பார்த்து ஒருநாளும் சொன்னதில்லை.

பெயரையும் கவனியுங்கள். 'ஜூஸ்' என்று இருப்பதும் 'நெக்டார்' என்று இருப்பதும் 'பானம்' என்று இருப்பதும் ஒன்றல்ல. நெக்டார் என்றால் பழத்தோடு தண்ணீர் சேர்த்தது, பெரும்பாலும் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். பானம் என்று மட்டும் போட்டிருந்தால் பழம் எவ்வளவு என்று தேடித்தான் பார்க்க வேண்டும். படத்தில் மட்டும் எல்லாப் பெட்டியிலும் ஒரே பழம், ஒரே பனித்துளி. சர்க்கரைக்குப் பதில் இனிப்பூட்டி போட்ட பானங்களையும் வாங்குவதில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

காலை உணவுச் சீரியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லேபிளில் ஒரு பரிமாறல் என்று 30 கிராமைக் கணக்கு வைத்திருந்தார்கள். என் மகன் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் கிண்ணத்தை ஒருநாள் தராசில் வைத்தேன். 65 கிராம். 100 கிராமுக்கு 28 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்ததால், லேபிள் கணக்கில் எட்டு கிராமாகத் தெரிந்தது அவன் கிண்ணத்தில் பதினெட்டாகிவிடுகிறது. அன்றிலிருந்து 'ஒரு பரிமாறலுக்கு' என்ற கட்டத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். '100 கிராமுக்கு' என்ற கட்டத்தைப் பார்த்தால்தான் இரண்டு பெட்டிகளை நேர்மையாக ஒப்பிட முடிகிறது.

சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். இது தெரிந்த பிறகு, முதல் மூன்று பெயரைப் படித்தாலே பொருள் என்ன என்று தெரிந்துவிடும் என நினைத்தேன். ஆனால் அந்தச் சீரியலில் சர்க்கரை மூன்றாவது, குளுக்கோஸ் சிரப் ஐந்தாவது, தேன் ஏழாவது, டெக்ஸ்ட்ரோஸ் எட்டாவது. நான்கும் இனிப்புதான். நான்கையும் கூட்டினால் இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும் போலிருந்தது. சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி அளவு மிஞ்சினால் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை போட வேண்டும். அப்படி ஒரு முத்திரை எங்கும் இருந்தால் என்னைப்போல் தரையில் உட்கார்ந்து பொடி எழுத்தைப் படிக்க வேண்டியிருக்காது.

இப்போது சாதாரண ஓட்ஸ் வாங்குகிறோம். சேர்மானப் பட்டியலில் ஒரே சொல்: ஓட்ஸ். வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டால் இனிப்பு போதுகிறது. மகன் இரண்டு வாரம் முகம் சுளித்தான். இப்போது தானே வாழைப்பழம் நறுக்குகிறான். பிறந்தநாளுக்குப் பழைய சீரியல் ஒரு பெட்டி கேட்டான், வாங்கிக் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

சாப்பாட்டை விட்டு அலமாரியின் கீழ்த்தட்டுக்கு வருகிறேன். கண்ணாடிக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, 'எல்லாப் பரப்புக்கும்' என்று ஒன்று. எங்கள் வீட்டில் பதினோரு பாட்டில் இருந்தன. இப்போது நான்கு பொருள்தான்: பாத்திரம் கழுவும் திரவம், சமையல் சோடா, வெள்ளை வினிகர், ஒரு பாட்டில் பிளீச். எண்ணெய்ப் பிசுக்குக்குப் பாத்திரத் திரவம் போதும். கறை பிடித்த பாத்திரத்துக்குச் சோடா நல்ல தேய்ப்புப் பொடி, உராய்வு மென்மையானது. கெட்டிலுக்குள் படியும் வெள்ளை உப்புப் படிவத்துக்கு வினிகரை மிஞ்ச ஆளில்லை, அதன் அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். அதே காரணத்தால் பளிங்குக் கல்லில் வினிகர் படவே கூடாது, பளிங்கும் சுண்ணாம்புதான்.

சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் பொங்கும். இரண்டு மாதம் அப்படித்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒன்று காரம், ஒன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கரியமில வாயு நுரையாகப் போய்விடும், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர்தான். தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் பலன். பிளீச்சோடு வினிகர் சேர்வது விளையாட்டில்லை, குளோரின் வாயு வரும். பிளீச்சோடு அம்மோனியா சேர்ந்தாலும் நச்சு வாயுதான். ஆகவே எங்கள் பிளீச் பாட்டில் வேறு தட்டில், உயரத்தில், தனியாக இருக்கிறது.

'கிருமியைக் கொல்லும்' கைச்சோப்பும் இறங்கியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருட்கள் கலந்த கழுவும் சோப்புகளைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை போட்டது. சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும் விட அவை மேலானவை என்பதற்குத் தயாரிப்பாளர்கள் போதிய சான்று காட்டவில்லை என்பது காரணம். சாதாரணச் சோப்பு, இருபது விநாடி. அவ்வளவுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

சமையலறைக் காகிதச் சுருள் போய்ப் பழைய பருத்தித் துணி வந்தது. காற்றுக்கு மணமூட்டும் தெளிப்பான் போய் ஜன்னல் திறந்தது. துருவிய சீஸ் போனது. துருவல்கள் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸ் என்ற தாவர நாரோ தூவியிருப்பார்கள், கெடுதலில்லை, ஆனால் கட்டியை வாங்கித் துருவினால் நன்றாக உருகுகிறது, அதிக நாளும் நிற்கிறது.

நறுக்கிய காய்கறிப் பாக்கெட்டையும் நிறுத்தச் சொன்னபோது என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வேலை முடிஞ்சு வந்து நான் சமைக்கிற அன்னைக்கு அது இருந்தாத்தான் சமையல் நடக்கும்" என்றார். யோசித்துப் பார்த்தேன். நோட்டில் அந்தப் பாக்கெட் ஒருதடவைகூடக் குப்பைக்குப் போனதாக இல்லை. முழுக் காய்தான் வாடிப் போயிருந்தது. எனவே வாரத்துக்கு ஒரு பாக்கெட் தொடர்கிறது. வெட்டுப்பட்ட இடத்தில் கிருமி சீக்கிரம் பெருகும் என்பதால் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுகிறோம்.

நோட்டு சொன்ன பெரிய பாடம் பெரிய பாக்கெட் பற்றியது. அளவுக்கு ஏற்ப விலையைக் கணக்கிட்டால் பெரியது மலிவுதான். ஆனால் எண்ணெய் திறந்த நாளிலிருந்து காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டுக் கெட்டுக்கொண்டே வரும். எங்கள் பெரிய கேனின் கடைசிக் கால்பகுதி எப்போதும் சிக்கு வாடை அடிக்கும். கொட்டைப் பருப்புகளும் அப்படியே. மசாலாத் தூள் கெடாது, வாசனை போய்விடும், அப்புறம் அதைப் போட்டும் பிரயோசனமில்லை. கொட்டியதையும் கணக்கில் சேர்த்தபோது எங்களுக்குச் சிறிய பாட்டில்தான் மலிவாக வந்தது. ஐந்தாறு பேர் தினமும் சமைத்துச் சாப்பிடும் வீட்டில் இது அப்படியே மாறும். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதில் சோப்பு மட்டும் எடுக்கிறோம், கீரை எடுப்பதில்லை.

உலகம் முழுதும் 2022-இல் வீணான உணவு 105 கோடி டன், அதில் சுமார் அறுபது சதவீதம் வீடுகளில் வீணானது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் கணக்கு வெளியிட்டது. நான் அதைப் படித்தபோது நோட்டின் மூன்றாம் வாரத்தில் இருந்தேன். கடைகளும் உணவகங்களும்தான் கொட்டுகின்றன என்று அதுவரை நம்பியிருந்தேன்.

தேதி விஷயத்திலும் தவறு செய்துகொண்டிருந்தோம். 'இதற்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பைப் பற்றியது, இறைச்சி, மீன் போன்றவற்றில் அதைத் தாண்டக் கூடாது. 'இதற்கு முன் சிறந்தது' என்பது சுவையையும் தரத்தையும் பற்றியது. பாஸ்தாவையும் பருப்பு வகைகளையும் அந்தத் தேதி தாண்டியதும் நான் கொட்டிக்கொண்டிருந்தேன். இப்போது திறந்து, பார்த்து, முகர்ந்துவிட்டு முடிவு செய்கிறேன்.

கடையில் செய்த ஒரே மாற்றம், தள்ளுவண்டி எடுப்பதை நிறுத்தியது. 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் சுயசேவைக் கடையைத் திறக்கும் வரை, பெரும்பாலும் கடைக்காரர்தான் மேடைக்குப் பின்னால் நின்று சாமானை எடுத்துக் கொடுப்பார். வாங்குபவர் தானே எடுக்கும் நிலை வந்த பிறகு பாக்கெட்டின் முன்பக்கம் விற்பனையாளராகிவிட்டது. 1937-இல் சில்வன் கோல்ட்மேன் என்ற கடை முதலாளி தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார், கூடை கனத்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று கண்டதால். அவர் கண்டது சரி. நாங்கள் கூடைக்குத் திரும்பினோம், கை வலித்ததும் பட்டியலை எடுத்துப் பார்க்கிறோம்.

திரும்பி வந்தவை இரண்டு. ஆரம்ப வேகத்தில் பாக்கெட் என்றாலே ஆகாது என்று உறையவைத்த பட்டாணியையும் டப்பாப் பயறையும் நிறுத்தியிருந்தேன். அது என் தவறு. பட்டாணியைப் பறித்த சில மணி நேரத்தில் வெந்நீரில் காட்டி உறையவைக்கிறார்கள். நான்கு நாள் வாடிய 'புதுப்' பட்டாணியை விட அதில் வைட்டமின் சி குறைவாக இருக்கத் தேவையில்லை. வேண்டிய அளவு மட்டும் எடுக்கலாம், மிச்சம் கெடாது. நோட்டில் அது ஒருமுறைகூட வரவில்லை. டப்பாப் பயறில் உப்பு உண்டு, ஆனால் வடித்துத் தண்ணீரில் நன்றாக அலசினால் கணிசமாகக் குறையும். அப்பாவுக்கு அலசித்தான் போடுகிறேன்.

பிஸ்கட் மட்டும் முடிவாகவில்லை. ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய் சேர்மானத்தில் இருந்த இரண்டு வகையை ஒதுக்கிவிட்டேன். அப்படிப்பட்ட எண்ணெயில் இருக்கக்கூடிய, தொழிற்சாலையில் உருவாகும், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பை உணவிலிருந்தே அகற்றச் சொல்லி 2018 முதல் உலக சுகாதார நிறுவனம் நாடுகளைக் கேட்டுவருகிறது, அதில் பேரம் கிடையாது. மற்ற வகைகளிலும் சர்க்கரையும் உப்பும் உண்டு என்று அப்பாவிடம் லேபிளைக் காட்டினேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். "சூப்பை விட்டேன், சாஸை விட்டேன். சாயங்காலம் டீக்கு ரெண்டு பிஸ்கட் இருக்கட்டும்மா" என்றார். போன வாரம் அழுத்தம் பார்த்தபோது முன்பைவிட நன்றாகவே இறங்கியிருந்தது, மாத்திரையும் சேர்ந்துதான். இந்த வாரப் பட்டியலில் அவர் கையெழுத்திலேயே கடைசி வரியாக எழுதியிருக்கிறார்: பிஸ்கட், சின்ன பாக்கெட், ஒன்று.